கற்றலினாவின் கண்ணாடிக் கொப்புளம் பனித்துப்போய்விட்டது, காப்பாற்ற வழியுண்டா?

பாடுமீன் | ஸ்காபரோ

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னது, அதற்கு முன்னால் வரும் கதைதான் நீளம். அவசரமாக இருப்பவர்கள் நேரே கடைசிப் பந்திக்குப் போங்கள்.

சொந்த ஊர் மட்டக்களப்பு, கல்லடி. கனடாவுக்கு வந்து முப்பத்திரண்டு வருசம். ஐந்து வருசத்துக்கு முன் முதுகு வலி வந்து படுத்த நேரத்தில் மகள் ஒரு பிளாஸ்ரிக் விமானப் பெட்டி வாங்கித் தந்தா. அன்று பிடித்த வியாதி. இதுவரை எட்டு விமானம் முடித்திருக்கிறேன், அதில் ஐந்தை ஆட்களுக்குக் காட்டலாம். இப்போது கையில் இருப்பது ஒன்பதாவது, கற்றலினா பறக்கும் படகு, 1/72, அதாவது உண்மையில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அந்த அளவு என்றால் சின்னது என்று நினைக்காதீர்கள். உண்மையான விமானத்தின் இறக்கை 104 அடி. மாடலில் அது 44 சென்ரிமீற்றர். போன ஒக்ரோபரில் இருந்து குசினி மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மனுசி அதைச் சுற்றித்தான் மரக்கறி வெட்டுறா.

நான் செய்ய நினைத்தது ஒரே ஒரு கற்றலினாவைத்தான். இலக்கம் ஏஜே155, குறியெழுத்து கியூஎல்-ஏ, கனேடிய விமானப்படையின் 413ஆவது ஸ்குவாட்ரன். ஓட்டியவர் லெனார்ட் பேர்ச்சல். எங்கள் ஒன்ராறியோ, சென் கதரின்ஸ்காரர். அவர் இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி விடிய முன்னம் கொக்கலை வாவியில் இருந்து கிளம்பி, பகல் முழுக்கத் தென்கிழக்குக் கடலில் ரோந்து. திரும்புகிற நேரம் வந்தும் உடனே திரும்பவில்லை. நிலா எழும்பினால் தாங்கள் நிற்கும் இடத்தைச் சரியாகக் கணிக்கலாம் என்று இன்னும் ஒரு சுற்றுப் போனார்கள். பின்னேரம் நாலு மணிபோல் தொடுவானில் புள்ளிகள் தெரிந்தன.

கிட்டப் போய்ப் பார்த்தால் யப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படை. அகாகி, சொர்யு, ஹிர்யு, சொகாகு, சுய்காகு. பேர்ள் ஹாபருக்குப் போன ஆறு விமானந்தாங்கிகளில் ககா மட்டும்தான் குறைவு. கற்றலினா சாதாரணமாகப் போகும் வேகம் மணிக்கு 110, 120 மைல். ஸீரோ என்ற யப்பானியச் சண்டை விமானங்களிடம் இருந்து ஓடித் தப்பலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கப்பல்களை எண்ணி வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சூடு விழுந்தது. ஒன்பது பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள். மற்ற ஆறு பேரையும் இசொகாசே என்ற நாசகாரிக் கப்பல் பிடித்துப்போனது. போர் முடியும்வரை யப்பானில் சிறை. ஆனாலும் செய்தி கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. கிளம்பக்கூடிய கப்பல்களை இராவோடிராவாகத் துறைமுகத்தில் இருந்து வெளியேற்றினார்கள். அடுத்த நாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு விழுந்தது.

இனி என் பக்கத்துக் காரணம். அந்த வாரமே, 9ஆம் திகதி, திருகோணமலையை அடித்துவிட்டு அதே படை ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியை எங்கள் ஊருக்கு நேரே மூழ்கடித்தது. இன்றைக்கும் அது மட்டக்களப்புக் கடலில்தான் கிடக்கிறது. அம்மாவுக்கு அப்போது பதினொரு வயசு. கல்லடிக் கடற்கரையில் நின்றவவாம். "இடி இடிச்சது, மழை வரல்ல" என்பா. சாகும்வரை அந்தக் கதையை இவ்வளவுதான் சொன்னா. இதைவிட நீட்டினதே இல்லை.

சரி, மாடலுக்கு வருவோம். பெட்டியில் இருந்தது 5ஏ, சக்கரம் உள்ள ரகம். பேர்ச்சலின் விமானத்துக்குச் சக்கரம் கிடையாது, அது சுத்தமான படகு. ஆகவே இரண்டு பக்கத்துச் சக்கரக் குழிகளையும் பிளாஸ்ரிக் தகடு வைத்து அடைத்து, புட்டி பூசி, தேய்த்து, திரும்பப் பூசி, திரும்பத் தேய்த்தேன். மூக்கின் அடியில் இருக்கும் முன்சக்கரக் கதவையும் அப்படியே. இதற்கே மூன்று கிழமை போனது. வீடு முழுக்க வெள்ளைத் தூசி, குடும்பத்தில் சமாதானம் இல்லை.

பிறகு ஆட்களைச் செய்தேன். வேவு விமானம் என்றதும் எல்லாரும் கமராவைத்தான் நினைப்பார்கள். இந்த விமானத்தில் வேலை பார்த்தது கண். இறக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடிக் கொப்புளங்களுக்குள் மணிக்கணக்காக ஆள் குந்தியிருந்து கடலைப் பார்த்தபடியே வருவார்கள். அதனால் இரண்டு கொப்புளத்துக்கும் ஒவ்வொரு ஆள் வைத்தேன். வேறொரு பெட்டியில் மிஞ்சிய விமானியின் காலை மடக்கி, கையை வெட்டித் திருப்பி, முகத்தில் தொலைநோக்கி பிடிக்க வைத்தேன். ஆள் முழு உயரமே இரண்டரை சென்ரிமீற்றர் இல்லை. அந்தத் தொலைநோக்கியை நெருப்பில் இழுத்த பிளாஸ்ரிக் கம்பியில் வெட்டியெடுத்தேன்.

கடைசியாக இடப்பக்கத்துத் துவக்கைச் சூப்பர் குளூவால் ஒட்டினேன். ஒட்டிய கையோடு கொப்புளத்தையும் மூடினேன். காலையில் எழும்பிப் பார்த்தால் உள்ளுக்குள் மார்கழி. கண்ணாடி முழுக்க வெள்ளைப் பூஞ்சணம் மாதிரிப் படிந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் நடுவில் என் பெருவிரல் ரேகை ஒவ்வொரு கோடாகத் தெரிகிறது, பொலிஸ் எடுத்த மாதிரி. உள்ளே இருக்கும் மனுசன் மங்கலான ஒரு நிழல்.

கேள்வி இதுதான். கொப்புளத்தைக் கழற்றாமல் இதைத் துடைக்க முடியுமா? கழற்றினால் அதே கண்ணாடியை மீட்கலாமா, அல்லது வேறு வழி பார்க்க வேண்டுமா? மற்ற விமானம் என்றால் "மூடுபனிக்குள் போகிறது" என்று சொல்லிச் சமாளிப்பேன். இதில் அது சரிவராது.


செங்குன்றத்தான் | சென்னை

ஐயா, முதலில் உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வரி. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த விரல் ரேகை விஷயம் சும்மா வேடிக்கை இல்லை. போலீஸ் தடயக்காரர்கள் செய்வதும் அதேதான். சூப்பர் குளூவைச் சூடாக்கி அந்த ஆவியில் பொருளை வைப்பார்கள். விரல் பட்ட இடத்தில் ஆவி படிந்து வெள்ளையாகும். நீங்கள் மூடிய கொப்புளத்துக்குள் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். ஆவிக்கு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே உறைந்துவிட்டது. இனிமேல் கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தப் பசையைக் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடிக்குப் பெவிக்கால்தான். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, தப்பாக ஒட்டினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

கழற்றாமல் துடைக்க முடியாது. கழற்றினால், உள்பக்கத்தை வெள்ளை டூத்பேஸ்ட் வைத்து (ஜெல் வேண்டாம்) பட்ஸால் மெதுவாக வட்டம் வட்டமாகத் தேயுங்கள். பொறுமை இருந்தால் முக்கால்வாசி போய்விடும். அப்புறம் கழுவிக் காயவைத்து, பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷில் ஒரு முக்கு முக்கி, தூசி படாமல் டம்ளருக்கு அடியில் கவிழ்த்து வையுங்கள். மிச்சமிருக்கும் நுண்ணிய கீறல்களை வார்னிஷ் நிரப்பிவிடும். நான் ஒரு ஹரிக்கேன் கண்ணாடியை இப்படித்தான் மீட்டேன். புதுசு மாதிரி ஆகாது, ஆனால் ஆள் தெரிவார்.

இப்போது என் பங்குக்குக் கதை. பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்குச் செங்குன்றம். எங்கள் ஏரியில் கேட்டலினா இறங்கியிருக்கிறது என்றால் இங்கே பாதிப் பேர் நம்பமாட்டார்கள். 1942இல் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம் எல்லாம் அடுத்தடுத்து அடிவாங்கிய பிறகு மெட்ராஸில் இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடினார்கள். அந்த வருஷமே பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆவது ஸ்குவாட்ரன் கேட்டலினாக்களோடு ரெட்ஹில்ஸ் என்கிற எங்கள் செங்குன்றம் ஏரிக்கு வந்தது. போர் முடிகிற வருஷம்வரை இங்கேயிருந்துதான் வங்காள விரிகுடா முழுக்கச் சுற்றியது. மெட்ராஸ்காரர்கள் குடிக்கிற தண்ணீரின் மேல் விமானம் இறங்கியது என்று எங்கள் தாத்தா சொல்வார். அவருக்கு அதில் பெருமையா குறையா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் கொக்கலைக்கும் இன்னொரு கதை உண்டு. 1943இல் இருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் கொக்கலைக்கும் நடுவே குவாண்டாஸ் கேட்டலினாக்களை ஓட்டியது. நடுவில் இறங்க ஒரு இடம் கிடையாது. 27 மணியில் இருந்து 33 மணி நேரம்வரை ஒரே பறப்பு. எடையெல்லாம் எண்ணெய்க்கே போய்விடுவதால் பயணிகள் அதிகம் போனால் மூன்று பேர். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைப் பார்ப்பார்களாம், அதற்கு ஒரு சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். இந்த விமானத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் கொப்புளத்து ஆள் பாவம்.


டிக்கால் பெட்டி | திருச்சி

கண்ணாடியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் ஒட்டுவது 1942 ஏப்ரல் 4 என்கிற ஒரே நாள். அதனால் சில விஷயங்களை இப்போதே கேட்டுவிடுகிறேன். வார்னிஷ் அடித்த பிறகு சொன்னால் என்னைத் திட்டுவீர்கள்.

பெட்டியோடு வந்த வட்டக்குறியை, எந்த நாட்டு விமானம் என்று காட்டுகிற அந்த வண்ண வட்டத்தை, ஒட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் வெள்ளை வளையமும் மஞ்சள் வளையமும் ஒல்லியாக இருக்கும். அது 1942 மே மாதத்துக்குப் பிறகு வந்த முறை. உங்கள் விமானம் ஏப்ரலிலேயே கடலுக்குள் போய்விட்டது. அதற்கு உடம்பில் சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் எல்லாம் சம அகலத்தில் இருக்கும் பழைய வட்டம்தான் பொருந்தும். வாலிலும் அப்படியே. மூன்று பட்டையும் சமம், ஒவ்வொன்றும் எட்டு அங்குலம். 1/72இல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இறக்கையின் மேல் வெறும் சிவப்பும் நீலமும்.

செங்குன்றத்தான் தன் ஏரி விமானத்தை ஒட்டுவதாக இருந்தால் கதை வேறு. இந்தப் பக்கத்தில் 1943 வாக்கில் வட்டத்தில் இருந்த சிவப்பையே எடுத்துவிட்டார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஜப்பான்காரனின் சிவப்பு வட்டம் மாதிரித் தெரிந்து சொந்த ஆளே சுட்டுவிடக் கூடாது என்று. நீலத்தில் கரும் நீலம், இளநீலம் மட்டும்.

துப்பாக்கியையும் பாருங்கள். பெட்டியில் இருப்பது அமெரிக்க .50 பிரௌனிங்காக இருக்கும், தடித்தது. பிரிட்டிஷ்காரர்களின் முதல் கேட்டலினாக்களில் .303 விக்கர்ஸ். எப்படியும் கொப்புளத்தைத் திறக்கத்தானே போகிறீர்கள், அப்போதே மாற்றிவிடுங்கள். மூக்கில் உருண்டைக் கண் மாதிரி ஒரு டரெட் (துப்பாக்கிக் கூண்டு) இருந்தால் அதையும் போடாதீர்கள், அது பிந்திய 5ஏக்களுக்கு உரியது.

வண்ணம், மேலே கடற்படை இரட்டைச் சாம்பல். ஹம்ப்ரோல் பெயிண்டில் 123, 224ஆம் எண்கள். இரண்டாவதற்குப் பெயர்தான் சாம்பல், அடித்துப் பார்த்தால் பாசிப் பச்சை. தப்பான டப்பா வந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். அடிப்பக்கத்தைப் பற்றிச் சண்டை போட என்னிடம் நேரமில்லை.

மற்றபடி சக்கரக் குழியை அடைத்திருக்கிறீர்கள். பாதிப் பேர் அதைச் செய்யவே மாட்டார்கள். நல்ல வேலை.


பல்செட்டு | கோவை

வணக்கம் அண்ணா. நான் பல் லேபில் வேலை பார்க்கிறேன். பல்செட், கேப், பிள்ளைகளுக்கு மாட்டும் ரிடெய்னர் இதெல்லாம் செய்வது. அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. அந்தக் கண்ணாடியைத் தேய்த்து மீட்க வேண்டாம், புதுசே செய்துவிடலாம்.

டூத்பேஸ்ட் வழி தப்பில்லை. ஆனால் பெட்டியோடு வருகிற கண்ணாடி எப்படியும் ஒரு மில்லிமீட்டர் தடிமன். எவ்வளவு பளபளவென்று ஆக்கினாலும் வழியாகப் பார்த்தால் உருவம் நெளியும். நீங்கள் உள்ளே ஒரு ஆளையே செய்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அவருக்கு மெல்லிசான கண்ணாடிதான் மரியாதை.

பல் ஆஸ்பத்திரிகளிலும் லேப்களிலும் ஒரு சின்ன வேக்கம் மெஷின் இருக்கும். மேலே ஹீட்டர், நடுவில் பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடிக்கும் சட்டம், கீழே ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டு. தட்டின் மேல் பல் அச்சை வைத்து, ஷீட்டைச் சூடாக்கி, இளகியதும் கீழே இறக்கிக் காற்றை உறிஞ்சினால் ஷீட் அச்சின் மேல் அப்படியே படிந்துவிடும். ரிடெய்னர் இப்படித்தான் செய்கிறோம். பல்லுக்குப் பதில் கொப்புளத்தை வைத்தால் விமானக் கண்ணாடி, அவ்வளவுதான்.

அச்சை எப்படி எடுப்பது என்பதில்தான் எல்லாரும் தப்புவிடுவார்கள். இருக்கிற கண்ணாடியின் மேலேயே ஷீட்டைப் போர்த்தினால் புதுசு ஒரு சுற்றுப் பெரிதாகிவிடும், உடம்பில் உட்காராது. சூட்டில் பழையதும் நசுங்கும். அதனால் பழைய கண்ணாடியைக் கழற்றி, மல்லாத்தி வைத்து, உள்ளே லேசாக வாஸ்லின் தடவி, டெண்டல் ஸ்டோன் என்கிற மஞ்சள் மாவைக் கரைத்து ஊற்றுங்கள். அது மாவுக்கட்டு மாவின் அண்ணன், காய்ந்தால் கல். ஊற்றும்போது ஒரே பக்கத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வழியவிட்டு, மேசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் காற்றுக் குமிழி நின்றுவிடும். குமிழி ஒவ்வொன்றும் கண்ணாடியில் அம்மைத் தழும்பாகத் தெரியும். நன்றாக இறுகியதும் எடுத்து, மிக நைசான உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அச்சில் இருக்கிற கீறல் அத்தனையும் ஷீட்டில் வரும்.

இன்னொன்று, அச்சை அப்படியே தட்டில் வைக்காதீர்கள். அடியில் ஐந்து ஆறு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு மேடை ஒட்டுங்கள். ஷீட் விளிம்புக்கு வரும்போது சேலை மடிப்பு மாதிரி விரிந்து நிற்கும். மேடை இருந்தால் அந்த விரிப்பெல்லாம் மேடையோடு போய்விடும், உங்களுக்கு வேண்டிய விளிம்பு சுத்தமாகக் கிடைக்கும்.

ஷீட் அரை மில்லிமீட்டர் போதும், இழுபட்டு இன்னும் மெலியும். சட்டத்தில் மாட்டிச் சூடாக்கும்போது முதலில் நெளியும், அப்புறம் நேராகும், அப்புறம் நடுவில் தொங்க ஆரம்பிக்கும். ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் உள்ளாகவே தொங்கும்போது இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் ஷீட்டுக்குள்ளேயே குமிழி வரும். வெட்டுவதற்கு நகம் வெட்டும் வளைந்த கத்தரிக்கோல் போதும். அந்தப் பிளாஸ்டிக் மாடல் சிமெண்டில் ஒட்டாது. செங்குன்றத்தான் அண்ணா சொன்ன அதே வெள்ளைப் பசைதான்.

நான் இதைக் கற்றது ஒரு ஸ்பிட்ஃபயருக்காக. வேவு பார்க்கப் போன ரகம், துப்பாக்கிக்கு வேலையில்லை, கேமராதான் முக்கியம். மேகத்துக்குக் கீழே தாழ்வாகப் பறக்கிறவற்றுக்கு வெளிறிய ரோஜா நிறம் அடித்திருப்பார்கள். அந்தி வெளிச்ச மேகத்தில் அது கரைந்துவிடுமாம். ஆண்களுக்கு நடுவில் நான் ரோஸ் கலர் விமானத்தைக் கொண்டுபோய் வைத்தால் "பொண்ணு பெயிண்ட் அடிச்சிருக்கு" என்று ஒருத்தர் சொன்னார். அவருக்கு வரலாறு சொல்ல எனக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. அதன் கேனபியில், அதாவது விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியில், இரண்டு பக்கமும் கண்ணீர்த்துளி மாதிரிப் புடைப்பு இருக்கும், விமானி தலையைச் சாய்த்து நேரே கீழே பார்க்க. அந்தப் புடைப்புக்காக ஏழு ஷீட் வீணாக்கினேன். உங்களுக்கு இரண்டு மூன்றில் வந்துவிடும்.

மெஷின் வாங்க வேண்டாம். உங்கள் பல் டாக்டரைக் கேளுங்கள். ஐந்து நிமிஷ வேலை.


செங்குன்றத்தான் | சென்னை

தங்கச்சி, இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் என் ஹரிக்கேனை டூத்பேஸ்டில் குளிப்பாட்டியிருக்க மாட்டேன். அந்த மாவு கடையில் எந்தப் பேரில் கேட்க வேண்டும்? கிலோவாகத்தான் தருவார்களா?


பல்செட்டு | கோவை

டெண்டல் ஸ்டோன் என்றே கேளுங்கள் அண்ணா, பல் மருத்துவப் பொருள் விற்கிற கடையில். கிலோ பாக்கெட்தான் இருக்கும். தெரிந்த லேப் இருந்தால் ஒரு டம்ளர் சும்மாவே தருவார்கள். வாயைக் கட்டி வையுங்கள், ஈரம் பட்டால் மாவு செத்துவிடும்.


பாடுமீன் | ஸ்காபரோ

மூன்று கிழமையாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். வேலை முடித்துவிட்டுத்தான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

தங்கச்சி, நீங்கள் சொன்னபடியே செய்தேன். என் பல் டொக்டர் தமிழ்ப் பிள்ளைதான். "வாயைத் திறவுங்கோ அங்கிள்" என்று சொன்ன நேரத்தில் நான் பொக்கற்றில் இருந்து ஒரு கொப்புளத்தை எடுத்து நீட்டினேன். அவர் முதலில் அதை என்னுடைய பல்லின் துண்டு என்று நினைத்துப் பதறிவிட்டார். விசயத்தைச் சொன்னதும் மாவும் தந்து, ஒரு சனிக்கிழமை கடைசி ஆள் போன பிறகு வரச் சொன்னார்.

முதல் அச்சில் நான் மேசையைத் தட்டவில்லை. கொப்புளம் ஒரு பெரிய புளியங்கொட்டை அளவு, இதில் எங்கே காற்று நிற்கப்போகிறது என்று ஒரு எண்ணம். நின்றது. கண்ணாடியில் நீங்கள் சொன்ன அம்மைத் தழும்பு ஏழு. இரண்டாவது அச்சுக்கு மனுசியைக் கூப்பிட்டு மேசையைத் தட்டச் சொன்னேன். அவ ஐந்து மாசக் கோபத்தை எல்லாம் சேர்த்துத் தட்டினா. அதில் ஒரு குமிழி இல்லை.

டொக்டர்தான் மெசினைப் பிடித்தார். ஷீற் நெளிந்து, நேராகி, பிறகு வயிறு மாதிரித் தொங்கத் தொடங்கியது. "இப்ப, இப்ப" என்று நான் கத்த, அவர் இறக்கினார். முதலாவதில் சரிவரவில்லை. இரண்டாவதில் வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தரையில் விழுந்து அதைத் தேடுவதில் பத்து நிமிசம் போனது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த தடவை வரும்போது முடிந்த விமானத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்.

வலப்பக்கமும் பழைய தடித்த கண்ணாடியாக இருந்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்று அதையும் பிடுங்கிப் புதுசு போட்டேன். திறந்த நேரத்தில் டிக்கால் பெட்டி சொன்னபடி துவக்குகளையும் மாற்றினேன். .303க்குத் தையல் ஊசியின் முனையை வெட்டிப் போட்டேன், சரியான ஒல்லி. மூக்கில் அந்த உருண்டைக் கண் நல்லவேளை ஒட்டியிருக்கவில்லை. வட்டக்குறி மட்டும் இன்னும் ஒட்டவில்லை. சம வளையம் உள்ள தாள் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், வரும்வரை விமானம் பேரில்லாமல் நிற்கும். பாசிப் பச்சையைப் பார்த்து நான் பயப்பட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இடப்பக்க மனுசனின் தொலைநோக்கி, கொப்புளத்தைக் கழற்றும்போது உடைந்து எங்கேயோ போய்விட்டது. புதுசு செய்யக் கம்பியை இழுத்துக்கொண்டு குந்தியிருந்தேன். பிறகு அவரின் கையைப் பார்த்தேன். தொலைநோக்கி இல்லாமல் அந்தக் கை வெயிலுக்குக் கண்ணை மறைப்பதுபோல் நெற்றியில் நின்றது. பின்னேரம் நாலு மணி. அப்படியே விட்டுவிட்டேன்.

செங்குன்றத்தான், உங்கள் தாத்தா சொன்ன தண்ணீர்க் கதையை மனுசிக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தத் தண்ணியைக் குடிச்ச சனம் பாவம், எண்ணெய் மணத்திருக்கும்" என்றா. உங்கள் ஏரி விமானத்தை நீங்கள்தான் செய்ய வேண்டும். நீல வட்டத்தோடு. எனக்கு மேசையில் இனி இடமில்லை.

குறை ஒன்று உண்டு, டிக்கால் பெட்டி கண்டுபிடிக்க முன்னம் நானே சொல்கிறேன். வலப்பக்கக் கொப்புளம் இடப்பக்கத்ததைவிட அரை மில்லிமீற்றர் மேலே ஏறி நிற்கிறது. பசை காய்ந்த பிறகுதான் கண்டேன். திரும்பப் பிடுங்கத் தெம்பில்லை. விமானத்தை அலுமாரியில் இடப்பக்கம் தெரிகிற மாதிரி வைப்பேன்.

இனி மிச்சம் ஏரியல் கம்பி. இறக்கையில் இருந்து வாலுக்குப் போகிறது. நைலோன் நூல் தடித்துத் தெரிகிறது. நீளமான தலைமயிர் ஒன்று நல்லது என்று இங்கே ஒருவர் சொன்னார். என் தலையில் அந்த நீளத்துக்கு ஒன்றும் இல்லை. மனுசியிடம் கேட்கிற துணிவும் இல்லை, மேசை தட்டினதற்கே இன்னும் கணக்குத் தீரவில்லை. வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.